சந்தில் நின்ற கார்

வீட்டுப் பத்திரம் பார்ப்பதில் இந்த வக்கீல் புலி என்று சொல்லி அழைத்து வந்தது தம்பிதான். அந்தப் புலி இப்போது ஏசி அறையில், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி பல் குத்திக்கொண்டிருந்தது. எதிரே தையல்கடைக்கார அக்கா, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு தம்பி.

வாழ்நாளெல்லாம் மிஷின் மிதித்து வாங்கிய வீடு. தெருவிலிருந்து வாசலுக்கு வர ஒரே ஒரு சந்து. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அதன் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். சந்து அவருடைய நிலமாம். வீட்டை விற்றவன் போனையே எடுப்பதில்லை. இன்று காலை பின்வீட்டுக்காரி பாவம் பார்த்துக் கொல்லைக் கதவைத் திறந்துவிட, சொந்த வீட்டிலிருந்து திருடி மாதிரி வெளியே வந்திருந்தாள் அக்கா.

"வீட்டு மேல வில்லங்கம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். இல்லைதானே?" என்றார் வக்கீல். "வழி இருக்கான்னு நீங்கதாம்மா பாத்திருக்கணும். நான் காகிதத்தைத்தான் பாப்பேன்."

"வழியைப் பத்தி நான் கேட்டேனே சார். எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

ஒரு பேச்சுக்காம்! வாசலுக்கு வழி வேண்டாமென்று விட அது என்ன பறக்கிற வீடா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று மென்று விழுங்கினான் தம்பி. கோணல் தையலைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"விடுங்க, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் மேல கேஸ் போட்டுடலாம். ஃபீஸ் மட்டும் தனி." வக்கீலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அவன் சரியான திமிர் பிடிச்சவன்மா. அட்வான்ஸ் கொடுத்த அன்னைக்கு அந்த வீட்டுக்கு வந்தேனே, சந்துல காரை நிறுத்தினதுக்கே 'இது என் இடம், வண்டியை எடு'ன்னு கத்தினான். சனியன்னு எடுத்துட்டேன்."

"அட்வான்ஸ் அன்னைக்கா? பதிவுக்கு முன்னாடியே உங்ககிட்ட அவர் சொல்லிட்டாரா?"

வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்? புலி அதைப் பார்க்கிங் தகராறு என்று நினைத்திருக்கிறது. வீடு வாங்க வந்த இடத்தில் ஒருவன் "இது என் இடம்" என்று கத்தியிருக்கிறான். இந்த மகா மேதாவி காரில் கீறல் விழாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"காரை எடுக்கத் தெரிஞ்சவருக்கு என்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். நான் வேற வக்கீலைப் பாத்து உங்க மேல கேஸ் போடறேன்."

"தாராளமாப் போடுங்க." குரலில் பழைய தெம்பு இல்லை. "அப்படி எதுவுமே நடக்கலைன்னு நான் சொன்னா? சாட்சி யாரு?"

அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர்தான் சார். 'அது என் இடம்னு அன்னைக்கே சொன்னேன்'னு கோர்ட்டுல சொல்லக் கூப்பிட்டா, அந்த மனுஷன் ஓடியே வருவாரு."