மிதவை மட்டம்

மகன் ரஞ்சனின் காரியம் முடிந்த மறுநாள் காலை, சிங்கப்பூரின் செங்காங்கில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்த ரத்னவேல் படுக்கையிலிருந்து எழுந்து தரைக்கு ஒரு சாண் மேலே நின்றார். அன்று மழை இல்லை. கோழி விலை கொஞ்சம் ஏறியிருந்தது. அவர் அப்படியே நடந்துபோய்ப் பல் துலக்கினார். நடந்து என்றுதான் சொல்ல வேண்டும், கால்கள் அசையத்தான் செய்தன. குளியலறைக் கண்ணாடியில் முகத்துக்குப் பதிலாகப் பனியன் தெரிந்தபோதுதான் மனைவியைக் கூப்பிட்டார். உமாமகேஸ்வரி வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். வேலைக்காலம் முழுக்க மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், எந்தக் கேள்வியையும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

பலதுறை மருந்தகத்தில் எடை பார்க்கும் கருவி பூஜ்யம் காட்டியது. இளம் மருத்துவர், வேலைக்குப் போகாமலிருக்க இரண்டு நாள் எம்சி எழுதிக் கொடுத்தார். தான் ஓய்வு பெற்றவர் என்று ரத்னவேல் சொன்னபிறகும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அண்டை வீட்டார் விசாரித்தார்கள், பழகிக்கொண்டார்கள். மின்தூக்கியில் கூட்டமாக இருந்தால் ரத்னவேல் இடத்தை அடைக்காமல் தலைகளுக்கு மேலே படுத்துக்கொண்டதில் அவர்களுக்குக் கொஞ்சம் நன்றிகூட இருந்தது. ஆனால் வாரத்துக்கு வாரம் அவர் ஏறிக்கொண்டே போனார். குளிர்பெட்டியின் தலையில் வைத்துச் சாப்பிட்டார், பிறகு அலமாரியின் தலையில். மேலே இருந்தபடி ரஞ்சனைப் பற்றி மட்டும் பேசினார். ரஞ்சன் மூன்று வயதில் ஐம்பது காசை விழுங்கியது, ரஞ்சன் தேசிய சேவைக்குப் பட்டாளத்தில் இருந்தபோது பூட்ஸைத் தொலைத்தது, ரஞ்சன் கடைசியாகத் தின்னக் கேட்ட ஐஸ் கச்சாங். உமா கீழே துணி மடித்தார். ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. உமா ஏன் மிதக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாராவது ஒருவர் சோறு வைக்க வேண்டியிருந்தது.

தீபாவளி நெருங்கியபோது ரத்னவேலின் மார்பு கூரையில் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் போக இடமில்லை, ஆனால் போவது நிற்கவில்லை. சிமெண்ட் நெஞ்சை அழுத்த, மூச்சு சீட்டியடித்தது. உமா நாற்காலிமேல் ஏறி நின்று அவர் முதுகில் காது வைத்துக் கேட்டார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். வார்டில் அது தொடங்கிவிட்டால் தாதியர் சொந்தக்காரர்களுக்கு போன் போடுவார்கள்.

இனி கார்ப்பரேட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரஞ்சனிடம் ஒரு பழைய டாட்சன் 120Y கார் இருந்தது. காக்கி புக்கிட் வட்டாரத்தில், நண்பன் நசீரின் பட்டறையில் அது எஞ்சின் திறந்தபடி நின்றது. ரத்தத்தில் நோய் வந்து ரஞ்சன் வீட்டோடு கிடந்த மாதங்களில், காருக்குப் போக முடியாததால் காரின் ஒரு பாகத்தை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்ப்பரேட்டர் அது. அதற்குள் பெட்ரோலை அளந்து விடுவது ஜெட் என்கிற பித்தளைத் திருகு, நடுவில் ஊசித் துளை. பத்துப் பன்னிரண்டு ஜெட்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றின் தலையிலும் எண் பொறித்திருக்கும், ஆனால் எண்ணை நம்பக் கூடாது என்பான். முன்னால் காரை வைத்திருந்தவன் எவனாவது துளையைக் குடைந்து பெரிதாக்கியிருப்பான், ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காகத் தன் சலைன் ஸ்டாண்டிலேயே பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஜெட் வழியாக அளவுக் குழாயில் பிடிப்பான். நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு அம்மா கடிகாரத்தோடு நிற்க வேண்டும்.

"மருந்து ஏத்துற ஸ்டாண்டுலயா பெட்ரோலு? அறிவிருக்காடா?"

"ரெண்டும் ஒழுங்கா சொட்டினா சரிதான்லா, மா."

இரண்டும் ஒழுங்காகத்தான் சொட்டின. அவன் போய்விட்டான்.

துணி காயப்போடும் பின்கட்டில் அந்த ஸ்டாண்ட் கார்ப்பரேட்டரோடு அப்படியே நின்றது. கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி, உள்ளே கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். கூரையோடு கணவர் சீட்டியடித்த அந்தப் பகலில் உமா அதைப் பார்த்தார். பாட்டில் காய்ந்து கிடந்தது, குழாயும் இல்லை, ஆனால் கண்ணாடி விளிம்பு வரை நிறைந்திருந்தது. வீட்டில் பெட்ரோல் வாடை அடிப்பது இதனால்தான் என்று எரிச்சலோடு அடியிலிருந்த திருகைக் கழற்றி, வாளியில் வடியவிட்டார். கூடத்தில் பெரிய சத்தம் கேட்டது. ரத்னவேல் சோபாவில் விழுந்து, அங்கிருந்து உருண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உமா திருகை மூடினார். கண்ணாடியில் பெட்ரோல் எங்கிருந்தோ ஊறியது. அது ஊற ஊற, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டே எழும்பினார்.

நசீர் வந்து பார்த்தான். "உள்ளே ஒரு மிதவை இருக்கு ஆண்ட்டி. மட்டம் ஏறினா அதுவும் ஏறும்."

"அது எப்படி மிதக்குது?"

நசீர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்ல ஆண்ட்டி. அதான்."

ஊறுவதை நிறுத்த அவனுக்கு வழி தெரியவில்லை. வராத இடத்திலிருந்து வருவதை எங்கே அடைப்பது. ஊறுகிற அளவுக்கு வெளியே விட்டால் போதும் என்றான். உமா அடித்திருகு இருந்த துளையில், மைலோ டின்னில் கைக்கு வந்த ஜெட்டை மாட்டினார். கிண்ணம் மளமளவென்று காலியாகி, காலியாகவே நின்றது. ரத்னவேல் இறங்கினார். இந்தமுறை இறங்கியே இருந்தார்.

அந்த நாட்களில் அவர் நன்றாக இருந்தார். செருப்புப் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் லிட்டில் இந்தியா போய், தேக்கா சந்தையில் மீன்தலையைப் பேரம் பேசி வாங்கிவந்தார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். உமா நிம்மதியாகத் தூங்கி எழுந்தார். பிறகு ஒரு மாலை, ரத்னவேல் கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தின் முன் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரு உமா இந்தப் பையன்? உங்க அண்ணன் மகனா? பாவம், சின்ன வயசா இருக்கே."

உமா அடுப்பை அணைத்தார். வேறு வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் போல ரத்னவேல் இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு, செய்தி பார்க்கப் போனார். அதற்குப் பிறகும் சில நாள் உமா ஜெட்டைக் கழற்றவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நாட்களில் அந்த வீட்டில் ரஞ்சனுக்கு அம்மா மட்டும்தான் இருந்தார். ஐம்பது காசு விழுங்கியதைச் சொல்ல ஆளில்லை. அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் வழியில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உமா மைலோ டின்னைக் கொட்டி ஒவ்வொரு ஜெட்டாக ஸ்டாண்டில் ஓடவிட்டார். எண்ணை நம்பவில்லை, கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொட்டு எண்ணினார். ஊறுவது நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு. இருந்ததிலேயே சிறிய ஜெட் அதைப்போலப் பல மடங்கு விட்டது. ஒரு ஜெட்டை ஈயம் வைத்து அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும் என்றான் நசீர், ஆனால் அவ்வளவு மெல்லிய ஊசி அவனிடம் இல்லை. உமாவிடமும் இல்லை, ஆனால் யாரிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் முத்துராமன் பத்தர் அவருடைய மூக்குத்திக்குத் திருகாணி செய்தவர்.

பத்தர் ஜெட்டை விளக்கில் தூக்கிப் பார்த்தார். "இதுல என்ன கல்லு வைக்கப்போறீங்கம்மா?"

"கல்லு இல்ல. பெட்ரோல் சொட்டணும்."

"வேகமாவா, மெதுவாவா?"

"மறந்து போகாத அளவுக்கு," என்றார் உமா. பத்தர் அதை ஓர் அளவாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் துளை பெரிதாகிவிட்டது, ரத்னவேல் படத்தைப் பார்த்து மறுபடியும் யார் என்றார். அடைத்துத் திரும்பப் போட்டார்கள். இரண்டாவது சின்னதாகி, அவர் தலை மின்விசிறியில் இடித்தது. உமா செங்காங்குக்கும் சிராங்கூன் சாலைக்குமாக அலைந்தார். கடைசியில் பத்தர், பிறந்த குழந்தைக்குக் காது குத்தும் தோட்டுக்கு எடுக்கிற ஊசியை எடுத்தார். அன்று பின்கட்டில் சொட்டுகள் விழுந்தன, உமா எண்ணினார், பன்னிரண்டு. கண்ணாடியில் மட்டம் இறங்கி, இறங்கி, அடியில் ஒரு மயிரிழை மிச்சம் வைத்து நின்றது. கூடத்தில் ரத்னவேல் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றார். சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோள்கள் குலுங்கின. உமா பக்கத்தில் போகாமல் கதவருகே நின்று, மட்டம் ஏறுகிறதா என்று பின்கட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மூணு வயசுல," என்றார் ரத்னவேல், "அம்பது காசை முழுங்கிட்டான்."

"மூணு இல்ல," என்றார் உமா. "நாலு. அம்பது காசும் இல்ல, இருபது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சொட்டுகிற பெட்ரோலை நசீர் பாட்டிலில் எடுத்துப்போய் டாட்சனுக்கு ஊற்றுகிறான்; வேறு கார்ப்பரேட்டர் மாட்டிய அந்தப் பழைய வண்டியை சட்டப்படி வருஷத்தில் சில நாள்தான் சாலையில் விடலாம், அந்த நாட்களில் உமா ஓட்ட, ரத்னவேல் பக்கத்தில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்கிறார். அவருடைய செருப்பு தேய்வதில்லை. ரஞ்சனின் திதி வரும் வாரத்தில் மட்டும் ஊற்று பெருகி, பன்னிரண்டு சொட்டு போதாமல் போகிறது. உமா அப்போது ஜெட்டைத் தொடுவதில்லை. காலையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, அவருடைய தட்டை அலமாரியின் தலையில் வைக்கிறார். தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.