நூற்று நாற்பத்தேழாம் வில்லை

அப்பா இறந்து பதினெட்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தபோது, மணிவேல் சித்தப்பா ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

“சித்தப்பா, வேணாம்,” என்றாள் அபிநயா.

அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் பிளக்கின் மேல் கையை வைத்தாள்.

“இன்னாம்மா இது? இன்னைக்குப் பௌர்ணமி. பதினொண்ணரைக்கு மேல கிரிவலப் பாதையில வண்டி விடமாட்டான். அப்புறம் அந்த ஜனத்துக்குள்ள உங்கப்பாவை எப்படி எடுத்துக்கினு போறது?”

“நூருல்லா மாமா வரணும். அவர் வந்த பிறகுதான் எடுக்கணும்னு அப்பா சொன்னாரு.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. முகம் சுட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். “வரட்டும் தம்பி. அன்னைக்கு நெருப்புல இருந்து உங்கண்ணனைத் தூக்கிக்கினு வந்தவரு. இருபத்திமூணு வருஷம் இந்தத் தாலி அவர் போட்ட பிச்சை.”

சித்தப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

“சரி அண்ணி. பதினொண்ணரை வரைக்கும் பாக்கறேன். தூங்கி வேலையை விட்ட ஆளு, இன்னும் ஒரு மணி நேரம் ஜாஸ்தியா தூங்கட்டும்.”

வாசலில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

இது பழைய கேலி. அபிநயாவுக்கு இரண்டு வயதானபோது தொடங்கியது. அப்பா அப்போது கோதாவரிப் பக்கம், பொக்குகுட்டா என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். தெலுங்கில் பொக்கு என்றால் கரி. கிணறு வெட்டிய இடத்தில் கரி தட்டுப்பட, ரயில் வந்து, வரிசை வீடுகள் வந்து, சினிமாக் கொட்டகைகூட வந்த ஊர். பூமிக்கடியில், வெட்டாமல் விட்ட கரியில் காற்று பட்டால் அது தானாகவே சூடேறும், பிறகு புகையும், பிறகு பற்றிக்கொள்ளும். அப்படி ஒரு பகுதி புகைந்தபோது எல்லாரையும் மேலே வரச்சொல்லி, செங்கல் சுவர் வைத்து அதை அடைக்கப் பார்த்தார்கள். அப்பா உள்ளேயே தூங்கிவிட்டிருந்தார். நூருல்லா திரும்பப் போய் அவரை இழுத்து வந்தார். வேலை நேரத்தில் தூங்கியதற்காக அப்பாவின் வேலை போயிற்று. புகையில் நெஞ்சும் கெட்டது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான். அப்பா இதை மறுத்ததும் இல்லை, வளர்த்ததும் இல்லை.

அடி அண்ணாமலைக்குத் திரும்பியவர் ஒரு லாட்ஜில் இரவு வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ‘தூங்கி வேலை போனவனுக்குத் தூங்காத வேலை’ என்று அதையும் ஊர் சிரித்தது. அந்த லாட்ஜில் அவர் ஒரு நாளும் கண் அயர்ந்ததில்லை. வீட்டில் பகலில் படுத்திருக்கும்போதும், அவள் புத்தகத்தை மூடும் சத்தத்துக்கு விழித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் எப்படித் தூங்கினார் என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். கேட்டதில்லை.

அலமாரியில் அப்பா பொக்குகுட்டாவிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் இரண்டு இருந்தன. ஒன்று, கரிக்கு மேலே கூரையாக இருந்த சாம்பல் நிறக் கல்லின் ஒரு துண்டு. அதில் நாக்கு வடிவில் ஓர் இலை பதிந்திருந்தது. நடுநரம்புகூடத் தெரியும். அந்தக் கல்லால்தான் அவள் நிலவியல் படித்தாள். இலைக்கு இருபத்தேழு கோடி வயது இருக்கும், நம் மலைக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது கோடி என்று ஒருநாள் வந்து சொன்னாள். அப்பா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, “அப்போ நம்மாளுதான் பெரியவரு,” என்றார். அவருக்கு அது பெரிய சந்தோஷம்.

இன்னொன்று பித்தளை வில்லை. 147 என்று எண் குத்தியது. சுரங்கத்தில் இறங்கும்போது ஆள் தன் வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்க வேண்டும். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்க வேண்டும். பலகையில், ஆணியில், வில்லை தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சிறுவயதில் அப்பா அவளுக்குச் சொல்லித்தந்த முதல் கணக்கு அது.

பதினொன்று இருபதுக்குத் தெருமுனையில் நூருல்லா தெரிந்தார். கிரிவலம் போகும் கூட்டத்திலிருந்து பிரிந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். தோளில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

“வேங்கிக்கால்லயே பஸ்ஸை நிறுத்திட்டாங்க. ஆட்டோவும் பாதியில இறக்கிட்டான். சாமி கும்பிடறவங்களோடவே நடந்து வந்துட்டேன்.” அபிநயாவின் தலையில் கை வைத்தார். “நீதான் நிறுத்தி வெச்சியாமே. வாசல்ல சொன்னாங்க.”

அவள் தலையாட்டினாள்.

பையிலிருந்து புது வேட்டியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். அம்மா கைகூப்பினாள்.

“அண்ணா, உங்களாலதான் இவரு இத்தனை வருஷம் எங்களோட இருந்தாரு. நல்லா இருக்கணும் நீங்க.”

“கையை இறக்கு சரோஜா.”

“நான் கும்பிடாம வேற யாரு கும்பிடுவா?”

“இறக்கும்மா.” அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். “போன மாசம் போன்ல சண்டை போட்டேன். நானே வந்து சொல்லிடறேன்டான்னேன். ‘நான் உயிரோட இருக்கற வரைக்கும் வேணாம்’னுட்டான். சத்தியம் வாங்கிக்கிட்டான்.”

சித்தப்பா உள்ளே வந்தார். “பாய், டைம் ஆவுது...”

நூருல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து அபிநயாவின் உள்ளங்கையில் வைத்தார். 146.

“சுரங்கம் மூடி, விளக்கு அறையை இடிக்கறப்போ எடுத்து வெச்சேன். ஊரே இப்போ அப்படித்தான். வெட்டின பள்ளத்துல தண்ணி நிக்குது, கொக்கு வருது. இது உங்கப்பாவுது.”

“அப்பாவுது நூத்தி நாப்பத்தேழு, மாமா. அலமாரியில இருக்கு.”

“அது என்னுது. அன்னைக்கு அவசரத்துல விளக்குக்காரர் பக்கத்து ஆணியில கைய விட்டுட்டாரு. என்னுதை எடுத்து இவன் கையில குடுத்துட்டாரு. இவனுது ஆணியிலேயே நின்னுபோச்சு.”

அபிநயா வில்லையைப் பார்த்தாள். விளக்கைத் திருப்பிக் கொடுத்தவனுக்குத்தான் வில்லை கிடைக்கும். ஏறி வந்தவன்தான் விளக்கைக் கொடுக்க முடியும். அவள் விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.

“அப்பா மேல வந்துட்டாரு,” என்றாள்.

“வந்துட்டான். கையில என் நம்பரைப் பாத்தான், என் ஆணி காலி, நான் மேல வந்துட்டதா பலகை சொல்லுது. மறுபடியும் கீழ போனான்.”

“எதுக்கு?” என்றார் சித்தப்பா.

நூருல்லா அவரைப் பார்க்கவில்லை.

“நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்தப்போ ஆபீசர் பலகைகிட்ட நின்னாரு. நூத்தி நாப்பத்தாறு யாரு, உள்ள தூங்கினவன் யாருன்னு கத்தினாரு. விளக்குக்காரர் வாயே திறக்கல. எனக்கு மூணு புள்ளைங்க, சதஃப் கைக்குழந்தை. இவன் என்னைப் பாத்தான். அப்புறம் கையைத் தூக்கிட்டான்.”

தெருவில் கூட்டத்தின் காலடிச் சத்தம் விடாமல் கேட்டது. ஐஸ் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. அம்மாவின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன. அவள் அவற்றை மெதுவாகக் கண்ணாடியின் பக்கம் திருப்பினாள்.

“சதஃப் இப்போ டீச்சர்,” என்றார் நூருல்லா. பிறகு சித்தப்பாவுக்கும், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

“தூங்கினது அவன் இல்ல. நான்.”