நாறாத தொட்டி

பெங்களூர் நீலசந்திராவில், சந்து மூலையில் இருந்த காலி இடத்துக்காகச் சின்னத்தாயி ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. சந்துப் பெண்களைத் திரட்டி அங்கே ஒரு சாண எரிவாயுத் தொட்டி கட்டினாள். மிஞ்சின சோறும் காய்கறித் தோலும் கரைத்து ஊற்றினால் வாயு வரும், அதில் பால்வாடிக் குழந்தைகளுக்குச் சமையல். மாநகராட்சிக்கோ அந்த இடத்தில் பெரிய குப்பைத் தொட்டி வைக்க ஆசை. திங்கட்கிழமை இன்ஜினியர் வருவார். அடுப்பு எரிந்தால் இடம் சந்துக்கு, எரியாவிட்டால் குப்பைக்கு.

வியாழனிலிருந்தே தொட்டியின் இரும்பு மூடி மேலே எழும்பவில்லை. வாயு சேர்ந்தால்தானே எழும்பும்! சின்னத்தாயி குழாயைப் பார்த்தாள், வால்வைப் பார்த்தாள், கழிவு போடாமல் ஏமாற்றுகிறீர்களா என்று வீடு வீடாகப் போய்க் கத்தினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

திங்கள் காலை டோரதி பக்கெட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரி ஆயா. பெரிய டாக்டர் வருகிறார் என்றால் கை தானாக ஃபினாயிலைத் தேடும்.

"நாத்தமே இல்ல பாத்தியா தாயி? ஒரு வாரமா டெய்லி உள்ள ஃபினாயில் ஊத்தறேன். ஆபீசர் மூக்கப் பொத்தக் கூடாதுல்ல?"

"அடிப்பாவி! உள்ள இருக்கற கிருமிதான்டி கேஸே குடுக்குது. எல்லாத்தையும் கொன்னுட்டியே!"

"கிருமி இருந்தா நல்லதுன்னு எங்க ஆஸ்பத்திரில யாரும் சொன்னதில்லையே," என்றாள் டோரதி, முகம் வாடிப்போய். சின்னத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இவளை என்னவென்று திட்டுவது? சந்தில் பாதிப் பேர் பிழைப்பே கழுவித் துடைப்பதுதான்; யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

இன்ஜினியர் வந்தார். தீக்குச்சிகள் ஒவ்வொன்றாகக் கருகி விழுந்தன.

"பெங்கி எல்லம்மா?" என்று கன்னடத்தில் நெருப்பைக் கேட்டார்.

"ஒரு மாசம் டைம் குடுங்க சார். புதுச் சாணி போட்டு ஏத்திடறோம்."

"எரியலேன்னா எரியலேன்னுதான்மா எழுதணும்," என்றார் அரைத் தமிழில். பிறகு சுற்றிலும் பார்த்தார். "ஆனா இந்த ஏரியாலயே இவ்ளோ க்ளீனா ஒரு ஜாகா நான் பாத்ததில்ல. குப்பைத் தொட்டி வந்தாலும் இப்படியே வெச்சுக்கணும்."

டோரதியின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டிப்பா வெச்சுக்கறோம் சார்!"

சின்னத்தாயியால் அவளை அறையவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பால்வாடியில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் இரவல் கேட்கப் போனாள்.