சுவரில் இரண்டாவது குமிழ்

அஜின்கோர்ட்டில் சிவபாதமும் யோகமலரும் வாங்கிய வீட்டின் ஹோல் சுவரில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று வீட்டைச் சூடாக்கும் ஹீற்றுக்கு என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. மற்றது எதற்கென்று தெரியவில்லை. அதிலிருந்த எழுத்துகள் தேய்ந்துபோய், பத்திலிருந்து அறுபது வரையான எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. வீட்டை விற்ற வயதான வெள்ளைக்காரத் தம்பதி மகளோடு இருக்க வன்கூவருக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லை.

"கீழுக்கு ஒண்டு, மேலுக்கு ஒண்டு எண்டு வைச்சிருப்பினம்," என்றான் சிவபாதம்.

அது 1996ஆம் ஆண்டு ஜனவரி. மேல்மாடி அறைகள் குளிர்ந்துகொண்டே இருந்ததால் யோகமலர் இரண்டாவது குமிழை ஐம்பதுக்குத் திருப்பி வைத்தாள். சில நாட்களில் அறைகள் கொஞ்சம் இதமாகவே தெரிந்தன. சிவபாதம் சொன்னது சரிதான் என்று இருவரும் நம்பினார்கள்.

பிறகுதான் யன்னல்கள் வியர்க்கத் தொடங்கின. காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிந்தது. திரைச்சீலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. யோகமலர் துவாயால் துடைத்துப் பிழிந்தாள். மறுநாளும் அப்படியே. காயட்டும் என்று சிவபாதம் ஹீற்றைக் கூட்டினான். காயவில்லை. முன்னையிலும் அதிகமாக வழிந்தது.

பேஸ்மென்றில் வின்சன்ற் வாடகைக்கு இருந்தான். பிறம்ரனில் சிவபாதம் வேலை செய்யும் அதே வெயாஹவுஸில்தான் அவனுக்கும் வேலை. இருவரும் ஒரே காரில் போய்வருவார்கள். ஒருநாள் வழியில் சிவபாதம் மெல்லக் கேட்டான்.

"வின்சன்ற், நீ குளிக்கேக்கை அந்த ஃபானைப் போடுறனிதானே?"

"போடுறன் அண்ணை. ஏன்?"

"இல்லை, மேலை யன்னலெல்லாம் தண்ணி. சுடுதண்ணியிலை கனநேரம் குளிச்சால் ஆவி மேலை வருமாம்."

அன்றிலிருந்து கீழே ஷவர் சத்தம் தொடங்கியதும் நின்றுவிடும். சோறு வடிப்பதையும் விட்டுவிட்டான் போலிருந்தது. துணி தோய்க்கக் கீழே போன யோகமலர், அவன் பாண் துண்டும் ரின்னில் அடைத்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டாள். அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. தன் பங்குக்கு அவளும் புட்டு, இடியப்பம் அவிப்பதை நிறுத்தியிருந்தாள்.

யன்னல்கள் மட்டும் நிறுத்தவில்லை. படுக்கையறை மூலையில் சுவர் கறுப்புப் புள்ளியாகப் பூத்தது. காற்றே கடிக்கும் அளவுக்குக் குளிர் இறங்கிய நாளில் யோகமலர் இரண்டாவது குமிழைக் கடைசி எண்வரை திருப்பினாள். விடிய எழுந்தபோது கண்ணாடியின் உட்பக்கத்தில் ஐஸ் படர்ந்திருந்தது. வெளியில் அல்ல, உள்ளே. அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"கூரை ஒழுகுதோ?" என்றாள்.

சிவபாதம் ரோர்ச் லைற்றோடு பரணில் ஏறி, முழங்காலில் தவழ்ந்து பார்த்தான். அங்கே எல்லாம் காய்ந்து கிடந்தது. இறங்கி வந்தவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆரும் குளிக்கேல்லை, ஆரும் அவிக்கேல்லை, கூரையும் ஒழுகேல்லை. அப்ப தண்ணி எங்கையிருந்து வருகுது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வின்சன்ற் படியேறி வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, நீங்கள் இப்ப மெசினிலை உடுப்புப் போட்டனீங்களோ?"

"இல்லையே."

"ஃபர்னஸ் பக்கம் தண்ணி ஓடுற சத்தம் நெடுகக் கேக்குது. நீங்கள்தான் தோய்க்கிறியள் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன்."

சிவபாதம் அவனோடு கீழே ஓடினான். வீட்டுக்குச் சூடுகாற்று அனுப்பும் ஃபர்னஸின் பக்கவாட்டில், காற்றுக்குழாயோடு ஒட்டியபடி ஒரு பெட்டி இருந்தது. மெல்லிய செப்புக்குழாய் ஒன்று அதற்குள் போனது. அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து, நிலத்திலிருந்த வடிகாலில் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சூடு தாற மெசினுக்குள்ளை ஆர் தண்ணி விட்டது?" என்றான் சிவபாதம். ஏதோ வெடித்துவிட்டதென்று பயந்து மேலே பார்த்துக் கத்தினான். "யோகம், சுவரிலை இருக்கிறதைக் குறையும்!"

மேலே 'டிக்' என்றது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஃபர்னஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எதைக் குறைச்சனீர்?"

"மேல்மாடிக்கு உள்ளதை."

"திரும்பக் கூட்டும்."

தண்ணீர் ஓடியது.

"குறையும்."

நின்றது. சிவபாதமும் வின்சன்றும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெட்டியின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே வலைபோன்ற ஒரு பட்டை, சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளை வின்சன்ற் தலையைச் சாய்த்து வாசித்தான்.

"வீட்டுக் காத்தை ஈரமாக்கிற பெட்டியாம் அண்ணை. ஹியுமிடிஃபயர். வெளியிலை குளிர் கூடக் கூடக் குமிழைக் குறைக்க வேணுமாம்."

"கூட்ட வேணும் எண்டு இருக்கும். வடிவாய்ப் பார்."

"குறைக்கச் சொல்லித்தான் கிடக்கு."

இதற்குள் யோகமலரும் கீழே வந்திருந்தாள். "அப்ப மேல்மாடி எப்படிச் சூடானது?" என்று கேட்டாள். ஈரக்காற்று கொஞ்சம் இதமாகத் தெரியும் என்பது மூவருக்குமே தெரியாது.

அன்று மத்தியானம் அவள் வின்சன்றை மேலே கூப்பிட்டுப் புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். சிவபாதம் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே, "உன்ரை குளிப்பைப் பற்றி நான் கதைச்சது பிழை," என்றான்.

"விடுங்கோ அண்ணை. நானும் அப்படித்தான் நினைச்சன். கெதியாய்க் குளிச்சும் நிக்கேல்லை எண்டதும், வேறை என்ன செய்யிறன் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். நித்திரையிலை வாயாலை மூச்சு விடுறனான். அதுவோ எண்டும் நினைச்சன்."

யோகமலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டாள்.

இரண்டாவது குமிழை ஒரேயடியாக அணைத்துவிட்டார்கள். யன்னல்கள் காய்ந்தன. ஆனால் ஒரு கிழமைக்குள் சிவபாதத்துக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் பொறி பறந்தது. யோகமலரின் உதடு வெடித்தது. ஈரமும் கூடாது, ஈரமில்லாமலும் கூடாது என்றால் எப்படித்தான் இருப்பது என்று அவள் கேட்டாள். சிவபாதம் கடையில் புதுப் பட்டை வாங்கிவந்து மாட்டினான். தாளில் சொன்னபடி குமிழை முப்பதில் வைத்தான். குளிர் கடுமையாகும் நாட்களில் இன்னும் குறைத்தான். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் ஏதோ தவறு செய்வதுபோலவே அவனுக்கு இருந்தது. ஆனால் யன்னலின் அடி ஓரத்தில் மட்டும் மெல்லிய ஈரப்படலம் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

ஏப்ரலில் பெட்டியைத் துடைக்கப் போனபோது, பக்கத்துக் காற்றுக்குழாயில், பெட்டிக்குள் காற்றைத் திறந்து மூடும் ஒரு சின்னப் பிடியை யோகமலர் கண்டாள். ஒரு பக்கம் குளிர்காலத்துக்கு 'விண்டர்', மறுபக்கம் கோடைக்கு 'சமர்' என்று எழுதியிருந்தது. முதல்நாள் முழுக்க வெயில் எறித்தது. அன்று காலையோ பனி கொட்டியிருந்தது.

"இப்ப எது?" என்று கேட்டாள்.

சிவபாதம் பிடியில் கை வைத்து, யோசித்து, கையை எடுத்தான். பிறகு இருவரும் யன்னலால் பார்த்து வர மேலே போனார்கள்.