கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை

கார் இன்ஜினின் ஆயில் குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் அதே கதைதான். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்தில் பளபளத்தது.

ஆயில் குறையும், அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். யாரும் ஊற்றாமல் எப்படி ஏறும்? ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தாள். பிசுக்கே இல்லை, தண்ணீர் மாதிரி வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். சுள்ளென்று பெட்ரோல் வாடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து பார்ப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அண்ணன் மெக்கானிக். கல்யாணத்துக்கு அந்த வண்டியைக் கொடுத்ததும் அவன்தான். கணவனுக்கு பானெட் எப்படித் திறக்கும் என்பதுகூடத் தெரியாது. சாவியைத் திருகினால் ஓட வேண்டும், அதற்கு மேல் அவனுக்கு அக்கறையில்லை. டைல்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். நெடுஞ்சாலையில் போக முப்பத்தைந்து கிலோமீட்டர், வர முப்பத்தைந்து. காலை எட்டுக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத் திரும்புவான்.

"ஏங்க, வண்டில பெட்ரோல் வாடை ஏதாச்சும் வந்துச்சா?" என்று படுக்கையறை ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"பெட்ரோல் போட்டா பெட்ரோல் வாடைதான் வரும், பன்னீர் வாடையா வரும்?" போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "லீவு நாள்ல தூங்க விடு தாயே."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணனின் பட்டறைக்குப் போனாள்.

அண்ணனைத் தொழிலில் எல்லாரும் மூக்கர் என்பார்கள். மற்றவர்கள் இன்ஜினைப் பிரித்துக் கண்டுபிடிப்பதை அவன் முகர்ந்தே சொல்லிவிடுவான். குச்சியை உருவி, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தான்.

"என்னடி இது, ஆயிலக் குடுத்து அனுப்புனா பாயசமாக்கிக் கொண்டாந்திருக்க? உன் வீட்டுக்காரரு பெட்ரோல எந்த ஓட்டைல ஊத்துறாரு?"

"வெளையாடாதண்ணா. என்னன்னு பாரு."

பார்த்தான். பிளக்குகளைக் கழற்றினான். நான்கிலும் கரி மை அப்பியிருந்தது. பெட்ரோல் குழாய்களைத் தடவிப் பார்த்தான், எங்கும் ஒழுகலில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகத்தில் கிண்டல் போய்விட்டிருந்தது.

"மாப்பிள தினமும் ஹைவேலதானே போறாரு?"

"ஆமா. உனக்குத் தெரியாதா?"

"ஹைவேல ஓடுற வண்டில இது வராது. நல்லா சூடேறி ஓடுனா, உள்ள எறங்குன கொஞ்சநஞ்ச பெட்ரோலும் ஆவியாப் போயிடும். நின்ன எடத்துலயே மணிக்கணக்கா உறுமிக்கிட்டு இருந்தாதான் இப்படி எறங்கும்."

"நின்ன எடத்துலன்னா?"

"ஏசியப் போட்டுட்டு, வண்டிய அணைக்காம ஒக்காந்திருக்கறது."

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆயில் மாற்றும்போதெல்லாம் அன்றைய கிலோமீட்டரை ஒரு தகட்டில் சுரண்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவான். இப்போது அந்தத் தகட்டைத் திருப்பிப் படித்தான். பிறகு கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தான். அதன்பின் மறுபடி தகட்டைப் பார்த்தான்.

"மூணு மாசம் ஆச்சு, ஆயில் மாத்தி. அய்யாயிரம் தாண்டியிருக்கணும்." குரலைத் தாழ்த்தினான். "அறுநூத்தி எம்பத்தஞ்சு ஓடியிருக்கு."

அவள் மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஞாயிறு நீங்கலாக, நாளுக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வரவில்லை. போக நாலரை, வர நாலரை.

"பெட்ரோல் எப்பவும் போலத்தானே போடுறாரு?" என்றாள், அது ஏதோ நல்ல செய்தி மாதிரி.

"ஓடுனாலும் குடிக்கும், நின்னாலும் குடிக்கும். அதான் உனக்குத் தெரியல." அண்ணன் தகட்டை விட்டான். அது பேட்டரியில் மோதி டிங் என்றது. "வேலை போயிருக்கும்டி. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எங்கியாச்சும் மர நெழல்ல ஒக்காந்திருப்பாரு. நீ ஒண்ணும் கேட்டுக்காத. நாளைக்கு அந்தக் கம்பெனில நான் விசாரிக்கறேன்."

புது ஆயில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். பாவம் என்று நினைத்தாள். தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் எங்கோ ஒரு மரத்தடியில் பொழுதைக் கழிக்கிற மனிதனை நினைத்ததும் கண் கலங்கியது. என்னிடம் சொன்னால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

வீட்டுத் தெருமுனையை நெருங்கும்போதுதான் அது உறைத்தது. நாலரை கிலோமீட்டர்.

வீட்டுக்குத் திரும்பாமல் நேரே போனாள். தினமும் அவள் பஸ்ஸில் வேலைக்குப் போகிற வழிதான். மீட்டரின் எண்கள் மெல்ல உருண்டன. அவள் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தியபோது, தெருமுனையிலிருந்து நாலு கிலோமீட்டரும் கொஞ்சமும் ஆகியிருந்தது.

பல் செட் செய்து கொடுக்கும் கூடம் அது. மாடியில் ஜன்னலோரம் அவளுக்கு இடம். மெழுகில் பல்லைச் செதுக்கவும், நிறம் பார்த்துப் பொருத்தவும் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் நாள் முழுக்க அந்த ஜன்னலில்தான் இருப்பாள். ஞாயிறு என்பதால் இப்போது மூடிக்கிடந்தது. எதிரே பூட்டிய கிடங்கின் நீண்ட சுவர், அதையொட்டி ஒரு பெரிய மரம். அதன் அடியில் மண் வெடித்துக் காய்ந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒரு தட்டு அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று புல்.

வண்டியை மரத்தடிக்கு நகர்த்தி ஏசியைப் போட்டாள். சற்று நேரம் கழித்து இறங்கிக் குனிந்தாள். முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புல்லின் மேலேயே சொட்டியது.

பின் சீட்டில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளி அட்டை மடித்துக் கிடந்தது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிரித்து முன் கண்ணாடியில் சாத்தினாள். வண்டிக்குள் இருட்டியது. ஓட்டுநர் சீட்டுக்கு நேரே மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அட்டையில் ஓட்டை. விரலால் விளிம்பைத் தடவினாள். கிழிந்தது அல்ல, பிளேடால் வட்டமாக அறுத்தது.

கண்ணை வைத்துப் பார்த்தாள். அவளுடைய ஜன்னல் தெரிந்தது. நாற்காலியின் முதுகில் அவள் மறந்துபோட்ட துண்டுகூடத் தெரிந்தது.

அன்றிரவு அவன் எப்போதும்போல் இருந்தான். எப்போதும்போல் என்றால்? படுத்துக்கொண்டே அவனுடைய பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். 'இன்னைக்கு ரெண்டு தடவ டீ குடிச்சிருப்பியே, தலைவலியா?' 'மதியம் சாப்பாட்ட அப்படியே மூடி வெச்சிட்டியாக்கும்.' 'அந்தக் கண்ணாடி போட்டவன் வேலைக்குப் புதுசா? ரொம்பச் சிரிக்கறவனா இருப்பானே.' எல்லாம் தானே சொல்லி மறந்தவை என்று இருந்துவிட்டாள். கூட வேலை செய்கிற அக்காவிடம் சொல்லிப் பெருமைகூடப் பட்டிருக்கிறாள். 'ஒன் மூஞ்சிய வெச்சே கண்டுபுடிக்கறாரு பாரு, குடுத்து வெச்சவடி நீ' என்று அக்காவும் பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

வேலை போன வெட்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பெண்டாட்டி இருக்கட்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்தான். மரத்தடியில் பார்த்ததை முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"ஜன்னல்கிட்டதான் இருக்கியா?"

"ஆமாண்ணா."

"சாதாரணமா பேசு. விசாரிச்சிட்டேன். மாப்பிள அங்க இல்லாம நாலு மாசம் ஆச்சாம். அவங்க அனுப்பலடி. போகாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. இவரே எழுதிக் குடுத்துட்டு, கணக்கு முடிச்ச பணத்தையும் வாங்கிட்டு வந்திருக்காரு. பகல்ல வீட்டு வேலை ஒண்ணு இருக்கு, அதப் பாக்கணும்னாராம்."

கையிலிருந்த மெழுகுப் பல் மேசையில் உருண்டது. அவள் தெருப்பக்கம் திரும்பவில்லை. கழுத்தைத் திருப்பாமல் இருப்பது இவ்வளவு சிரமமான வேலை என்று இதுவரை தெரிந்ததில்லை.

"சாயங்காலம் கடையப் பூட்டிட்டு ஏழு மணிக்கு வரேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத. புரியுதா?"

"சரிண்ணா. சாப்பிட்டியா?" என்றாள் சிரித்த முகத்தோடு.

போனை வைத்துவிட்டு, உருண்ட பல்லை எடுத்து மறுபடி செதுக்கத் தொடங்கினாள். புதிதாகச் சேர்ந்த அந்தக் கண்ணாடி போட்டவன் ஏதோ கேட்க வந்தான். தலை நிமிராமல் பதில் சொல்லி அனுப்பினாள். அப்புறம் எழுந்து மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்து, ஒரு கீறலும் இல்லாத இடது கையில் மணிக்கட்டுவரை பெரிதாக ஒரு கட்டுப் போட்டாள்.

"என்னாச்சுடி?" அக்கா பதறி வந்தாள்.

"கத்தி நழுவிடுச்சுக்கா. சின்னதுதான்."

"நான் கூட, செஞ்ச பல்லே கடிச்சிருச்சோன்னு பாத்தேன்."

ஜன்னலருகே நின்று, பல்லின் நிறத்தை வெளிச்சத்தில் பார்ப்பவள்போல் இடது கையை உயர்த்திப் பிடித்தாள். பகல் முழுக்கப் பலமுறை பிடித்தாள். மரத்தடிப் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஐந்தரை மணிக்குக் குளியலறையில் கட்டைப் பிரித்துக் குப்பையில் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் ஏற்றிவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கவனிக்காமலே இருந்துவிட வேண்டும் அவன். கையைப் பார்க்காமல், சாவியை ஆணியில் மாட்டி, சட்டையைக் கழற்றி, வழக்கம்போல டீ என்று குரல் கொடுக்க வேண்டும். அப்படி நடந்துவிட்டால், அண்ணனிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

மணி ஆறே கால். கால் மணி முன்னதாகவே வண்டிச் சத்தம் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. சாவி ஆணியில் மாட்டும் சத்தம் கேட்கவில்லை. செருப்புக் காலோடு விடுவிடுவென்று அடுக்களைக்குள் வந்தான். வேர்த்திருந்தது.

"இன்னைக்கு ரோட்டுல கூட்டமே இல்ல" என்றான்.

சொல்லிக்கொண்டே அவள் இடது கையைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான். உள்ளங்கையைத் திருப்பினான். புறங்கையைத் திருப்பினான். ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தான். மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். காயத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து நின்றன. கையை விடவில்லை.

தலையை உயர்த்தினான். அவளும் பார்த்தாள்.

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வாசலில், அணைக்க மறந்த வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.