சந்தேகத்துக்குரிய பாராட்டு

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வாள். வயது பதினைந்து. எட்டு வயதிலிருந்து டைப் ஒன் சர்க்கரை நோய். தினமும் நாலு முறை விரலைக் குத்தி மீட்டரில் சர்க்கரை அளவு பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்பாள்: "மத்தியானம் எவ்வளவு?"

ஒரு திங்கட்கிழமை அம்மா அதைக் கேட்கவில்லை. "இன்னைக்கு ஏதாவது நல்லா இருந்துச்சா?" என்றாள்.

வக்கீலுக்கு மூக்கில் வியர்த்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அதற்கும் மேலே போனார். "பரவால்ல" என்பதைத் தாண்டி யாரையும் பாராட்டாதவர், சாப்பிடும்போது சொன்னார்: "தங்கச்சி சைக்கிள் செயினை மாட்டினியே, பாத்தேன். மூணு தடவ நழுவியும் நீ எரிஞ்சு விழல." புதன்கிழமை, தோழிக்கு அவள் போனில் கணக்கு சொல்லிக்கொடுத்தது பிரமாதம் என்றார்.

தன்னை ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறார்களா? புதிதாக ஏதோ வந்திருப்பதை டாக்டர் இவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டாரா? கண்ணா, கிட்னியா? கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டாள். அவர்கள் பால் பாக்கெட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை துணி துவைக்கப் போடும்போது அப்பாவின் சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் கிடைத்தது. மருத்துவமனை ஆலோசகர் பெற்றோருக்குக் கொடுத்தது. 'சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும் முன், பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நோய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு நல்ல குணத்தைக் கவனித்து, வாரம் ஒரு முறையாவது சொல்லுங்கள்.'

அப்பா குழாயடியில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்ப எல்லாமே மருந்துச் சீட்டுப்படி சொன்னதா?"

அவர் மழுப்பவில்லை. "சொல்லுங்கன்னு எழுதியிருக்காங்க. என்ன சொல்லணும்னு எழுதலையே. அதுக்கு உன்னையே கவனிக்க வேண்டியதாப் போச்சு. இத்தன வருஷமா நான் மீட்டரைத்தான் பாத்திருக்கேன்னு அப்பதான் உறைச்சுது."

இதுவும் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"எதுலயாவது பொய் இருக்கா?"

"ஒண்ணுல இருக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஒரு மண்ணும் புரியல. நீ பொறுமையா சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் புரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தாளை மறுபடி நாலாக மடித்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது. மத்தியான நம்பர் எல்லாம் நானா எழுதறது. கிளாஸ்ல எல்லாரும் பாக்கறாங்க. டாய்லெட்ல போய்க் குத்திக்கப் புடிக்கல. அதனால பாக்காமலே, ஒரு குத்துமதிப்பா ஊசி போட்டுக்கறேன்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படிக்கு வந்திருந்தாள். "நூத்தி முப்பது, நூத்தி நாப்பதுன்னு அவ்வளவு ஒழுங்கா வந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்," என்றாள். அடுத்து நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். "டீச்சர்கிட்ட நான் பேசவா, நீ பேசறியா?"

"நானே பேசறேன்."

திங்கட்கிழமை மதியம் வகுப்பிலேயே தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் குத்தினாள். முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடப் போனார்கள். மீட்டர் இருநூற்று எண்பத்தேழு காட்டியது. அதற்கேற்ற அளவு ஊசி போட்டுக்கொண்டு, எண்ணை அப்படியே எழுதினாள்.

சாயங்காலம் நோட்டை அவளே அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். "சரி, நாளைக்குப் பாக்கலாம்," என்றாள்.

மாதக் கடைசியில் மதிய எண்கள் பெரும்பாலும் இருநூற்றுக்குக் கீழே வந்திருந்தன. இரண்டு நாட்களுக்கு எண்ணே இல்லை. அந்தக் கட்டங்களில் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.