எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி

வார்டில் அந்த நர்ஸுக்குப் பட்டாசு என்று பெயர். பயிற்சி கொடுக்க வந்த டீச்சரைப் பார்த்ததுமே அவள் வெடிக்கத் தயாராகிவிட்டாள். நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறிந்து கவனிப்பது எப்படி என்று பாடமாம். ஊசி போடவே நேரமில்லை, இதில் ஆன்மாவுக்கு வேறு மருந்து கட்ட வேண்டுமா?

செய்து காட்டுகிறேன் என்று டீச்சர் நர்ஸுகள் எல்லோரையும் முதல் கட்டிலுக்கு அழைத்துப் போனார். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குக் காத்திருந்த பஸ் டிரைவர் படுத்திருந்தார்.

"ஐயா, கஷ்டம் வந்தா எதை நம்புவீங்க? யாரை நினைச்சுப்பீங்க?"

டிரைவரின் முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? டாக்டர் சின்ன ஆபரேஷன்னார். சாகப்போறவன்கிட்டதானே இதெல்லாம் கேப்பாங்க? துணியை எடு, வீட்டுக்குப் போவோம்."

மனைவி அழ ஆரம்பித்தாள். பட்டாசு ரத்த அழுத்தம் பார்த்தாள். எகிறியிருந்தது. இறங்காவிட்டால் இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. வலியில் துடித்து வந்து சேர்ந்த மனிதர் மறுபடி துடிக்க வேண்டியதுதான். 'நல்லா பாடம் நடத்தினீங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் துறுதுறுத்தது.

டீச்சர் மழுப்பவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தப்பு என்னோடதுங்க. எடுத்த எடுப்புல கேட்டிருக்கக் கூடாது. காய்ச்சல்னு வர்றவங்ககிட்டயும் இதைக் கேக்கணும்னுதான் இவங்களுக்குச் சொல்லித்தர வந்தேன். உங்க உயிருக்கு ஒண்ணும் இல்ல."

அத்தனை பேர் முன்னால் இப்படி ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? பட்டாசுக்கு வராது. அது அவளுக்கே தெரியும்.

டீச்சர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சும்மா கூடவே இருந்தார். டிரைவர்தான் பேச்சை எடுத்தார்.

"சாமி கீமின்னு பெருசா இல்லம்மா. வண்டி எடுக்கறதுக்கு முன்னால ஸ்டியரிங்ல கை வச்சுக் கண்ணை மூடிக்குவேன். ஏறினவங்க நல்லபடியா இறங்கணும்னு நினைச்சுக்குவேன். அப்புறம்தான் நகர்த்துவேன். இங்க வந்ததுலேர்ந்து ஆளாளுக்கு என்னைத் தள்ளிக்கிட்டே போறீங்க. ஒருத்தர்கூட போலாமான்னு கேக்கல."

பட்டாசுக்குச் சுருக்கென்றது. காலையில் ஸ்கேனுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

பேசப் பேச அவருக்குப் படபடப்பு தணிந்தது. அழுத்தமும் இறங்கியது. தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. அவரை ஏற்றிப் படுக்கவைத்ததும் ஊழியர் வழக்கம்போல் தள்ளப் போனார்.

"இருங்கண்ணே," என்றாள் பட்டாசு. "ஐயா, போலாமா?"

டிரைவர் ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டுக் கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். மேஜையில் போன் அடித்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. டீச்சரும் நர்ஸுகளும் அப்படியே நின்றார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். "ம், வண்டியை எடுங்க."

அதற்குப் பிறகுதான் சக்கரம் உருண்டது.